பலாக்கட்டை வாள் யாருடையது

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது, வாள் ஒன்றைத் திருடிவிட்டதாக ஒருவர்மீது பொலிசுக்குப் புகார் எழுதினேன். அது பலாக்கட்டை வாள். அதைச் செய்தவரும் அவரேதான். தெரிந்துதான் எழுதினேன். தோட்டத்துத் துரை சொல்வதை எழுதத்தானே எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அவர் ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரர். அம்மன் திருவிழாவில் மட்டும் ராசா. லயத்து வரிசைவீடுகளின் ஆட்கள் ஆடும் கூத்தில், ஏழு மலைகளை ஒரே வாளால் வெட்டிச் சனங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவார். அந்தக் கதை எந்த ஏட்டிலும் இல்லை. கப்பலில் வந்தவர்கள் வாயோடு கொண்டுவந்தது. துரை பங்களாவுக்குப் பின்னால் காற்றில் முறிந்து விழுந்த பலாக்கொப்பில் அவர் அந்த வாளைச் செதுக்கினார். துரை வீசிய சிகரெட் டின்களிலிருந்து வெள்ளித்தாளை எடுத்து ஒட்டினார். ஆட்டம் முடிந்ததும், காய்ச்சல்காரப் பிள்ளைகளின் தலையில் அந்த வாளை வைத்து எடுக்கச் சொல்லித் தாய்மார் வரிசையில் நிற்பார்கள். தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தைவிட அது மோசமில்லை என்பது என் எண்ணம்.

வாளுக்குப் பேர் வந்ததும் பெரிய கங்காணிக்குப் பக்தி வந்துவிட்டது. கோயில் பொறுப்பு அவருடையது. “சாமி ஆயுதம் லயத்துல கெடக்கக்கூடாது” என்று வாங்கிக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த வருஷம் ராசா வேஷம் தம் மருமகனுக்கு என்றார். மருமகனுக்குக் குரல் கிடையாது, கால் தாளத்தில் நிற்காது. ஆனால் மாமனார் இருந்தார்.

பால்வெட்டுக்காரர் சண்டைக்குப் போகவில்லை. பூசைக்குக் கதவு திறந்த நேரம் உள்ளே போனார், கும்பிட்டார், வாளை எடுத்தார், எல்லோரும் பார்க்கத் தோளில் சாய்த்துக்கொண்டு லயத்திலிருந்த தம் ஒற்றை அறைக் காம்பராவுக்கு நடந்தார்.

கங்காணி ஆபீசுக்கு ஓடிவந்தார். துரைக்குச் சாமி விஷயம் பிடிபடவில்லை. மரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உடனே அவர் முகம் தெளிந்தது. மரம் தோட்டத்துடையது, ஆகவே வாளும் தோட்டத்துடையது. வெள்ளித்தாளும் தங்களுடையதுதான் என்று நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. அதையும் சொன்னேன்.

“ஒரு வாள்” என்று நான் எழுதியதை நம்பி இரண்டு பொலிஸ் ராலஹாமிகள் குண்டாந்தடியோடு லயத்துக்கு வந்தார்கள். “கோ கடுவ?” என்று மூத்தவர் தூரத்திலேயே நின்று, வாள் எங்கே எனச் சிங்களத்தில் அதட்டினார். பால்வெட்டுக்காரர் வாளைக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கி விரலால் தட்டிப் பார்த்த ராலஹாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் புகார் இங்கிலீஷில் இருந்ததே! ஆளையும் வாளையும் கொண்டுபோனார்கள்.

அவிசாவளை கோர்ட்டில் முதல் சாட்சி கங்காணி. நீதவான் இங்கிலீஷில் கேட்டதைத் துபாசி தமிழில் சொன்னார்.

“இந்த வாளைச் செய்தது யார்?”

“யாரும் செய்யலைங்க. ராசா காலத்து வாளுங்க. ஏழு மலைய வெட்டுனது.”

“உங்கள் தோட்டத்துக்கு எப்படி வந்தது?”

“சாமியே கொண்டாந்து வச்சதுங்க.”

அடுத்து ஏறிய துரை, அது தன்னுடைய பலாமரம் என்றும், கொப்பு எந்தப் பக்கம் விழுந்தது என்றும் விளக்கமாகச் சொன்னார். நீதவான் துரையையும் கங்காணியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே கட்சிக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவருக்கு அது வானத்திலிருந்து வந்தது, மற்றவருக்குத் தோட்டத்து மரத்திலிருந்து விழுந்தது. மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டு, செதுக்கியது யார் என்று கேட்டார். துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “கூண்டில் நிற்பவர்” என்றேன். சொல்லிவிட்டுத் துரை பக்கம் பார்க்காமல் இறங்கினேன்.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கூண்டில் நின்றவரைக் கேட்டார்கள்.

“மரம் தொரையோடதுதாங்க, இல்லைங்கல. சாமி எல்லாருக்கும் பொதுங்க. ரெண்டுக்கும் நடுவுல வாள்னு ஒண்ணு இருக்குதே, அதைத்தாங்க நான் கேக்குறேன்.”

ஒருவருடைய பொருளில் இன்னொருவர் புதிதாக ஒன்றைச் செய்தால் அது யாருக்குச் சொந்தம் என்று பழைய ரோமாபுரிக்காரர்களே அடித்துக்கொண்டார்கள், அதைச் சிவில் வழக்குப் போட்டுக் கேளுங்கள், இதில் களவு இல்லை என்று நீதவான் அவரை விட்டுவிட்டார். உரிமை தீரும்வரை வாள் கோர்ட்டில் இருக்கட்டும் என்றார். வழக்கை யாரும் போடவில்லை. ரோமாபுரிச் சட்டத்தை மதித்துத் துரை பால்வெட்டுக்காரருக்கு வேலைநீக்க நோட்டீஸ் கொடுத்தார். அதையும் நான்தான் எழுதினேன். அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு ருவான்வெல்லைப் பக்கம் போய்விட்டார். அந்த வருஷத் திருவிழாவில் மருமகன் தகரவாளோடு ஆடினார். மூன்றாவது மலையில் அது மடங்கிப்போனது.

அடுத்த வருஷம் ருவான்வெல்லைக் கடைவீதியில் அவரைக் கண்டேன். பார்க்காததுபோல் போய்விடத்தான் நினைத்தேன். அவரே கூப்பிட்டு, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

“புதுத் தோட்டத்துலயும் பலாமரம் இருக்குதுங்க. இந்தத் தடவ மொதல்லயே தொரைகிட்ட எழுதி வாங்கிட்டேன். வாளுன்னு போட்டிருக்கா, பாருங்க ஐயா.”

பார்த்தேன். விறகுக்காக ஒரு பலாக்கொப்பு எடுத்துக்கொள்ள அனுமதி என்று அங்கிருந்த கிளாக்கர் எழுதியிருந்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஏற்கெனவே போதுமான அளவு எழுதியிருந்தேன்.

“விறகுன்னுதான் போட்டிருக்கு” என்றேன்.

அவர் காகிதத்தை வாங்கிப் பத்திரமாக மடித்தார்.

“அதுவே நல்லதுங்க. விறகுக்கு யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, வெள்ளித்தாள் வாங்கக் கடைக்குள் போனார்.