நாய்க்கு அரைப் பக்கம், சிவம் அண்ணைக்கு மூன்று வரி

ஒருமுறைகூட அரிசி வாங்காத கடையைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதியவன் நான். எழுதும்போது வெட்கம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

நோர்வேயில் நாங்கள் குடியிருக்கும் குரோருட்டில் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் என்று ஒன்று உண்டு. ஓய்வூதியக்காரர் பத்துப்பேர் நூலகத்தில் வாஃபிளும் கோப்பியுமாகக் கூடி, செருப்புக்கடை எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு மாறியது என்று மணிக்கணக்கில் வாதிடுவார்கள். பால்கடை வாசலில் படுத்துக்கிடந்த நாயொன்றுக்கு அவர்களுடைய ஆண்டிதழில் அரைப் பக்கம், படத்துடன். இதுவும் ஒரு வரலாறா என்று நான் சிரிப்பேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அரசர்களுக்குக் கீழே இறங்குவதில்லை. எரிந்துபோன எங்கள் ஊர்ச் சந்திக்கடையை நடத்தியவரின் பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை.

குரோருட்டில் தமிழ்க் கடை வைத்திருந்த சிவம் அண்ணை தன் பலசரக்குக் கடையை மூடப்போவதாகச் சொன்னார். முப்பது வருடக் கடை. பிள்ளைகள் ஏற்க மறுத்துவிட்டார்கள்.

"தம்பி, உந்தச் சங்கப் புத்தகத்திலை எங்கடை கடையும் வருமோ? நான் இஞ்சை சும்மா நிக்கேல்லையெண்டு பிள்ளையள் பாக்கட்டும்."

"நான் இருக்கிறன் அண்ணை!"

விழா மலர்களுக்கு எழுதிப் பழுத்த கை. நோர்வேஜிய மொழியில் அவரைக் கடல்கடந்த வணிகர் மரபின் கடைசி வாரிசாக்கினேன்.

சங்கத் தலைவி காரி பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, "கருவாடு எந்தத் தட்டில் இருந்தது?" என்றார்.

நக்கலென்றே எடுத்தேன். "நாற்றத்தைப் பற்றிக் கேட்கிறீர்களோ?"

"தட்டைப் பற்றி."

எனக்குத் தெரியவில்லை. மாதமொருமுறை சுவீடன் எல்லைக்குக் காரில் பறந்து, மலிவென்று அரிசி மூட்டை ஏற்றிவரும் கூட்டம் நாங்கள். வீட்டில் கறிவேப்பிலை முடிந்தால் மட்டும் சிவம் அண்ணையின் முகம் நினைவுக்கு வரும். காரியே சொன்னார்: கருவாடு பின்சுவரில், கீழ்த்தட்டு. ஏலக்காய் இடப்புறம். வியாழக்கிழமை மரக்கறி வரும். வீட்டில் சுடும் பன்னுக்கு ஏலக்காய் வாங்க அவர் வாராவாரம் அங்கே போவாராம்.

என் பன்னிரண்டு பக்கமும் போயின. அச்சில் வந்த மூன்று வரியும் காரியுடையவை.

புத்தகத்துடன் நான் கடைக்குப் போனபோது பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துகளைச் சுரண்டி முடித்திருந்தார்கள். நோர்வேஜிய எழுத்துகள் மிச்சம். உள்ளே சிவம் அண்ணை தட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று வரியையும் விரல் வைத்து இரண்டுதரம் வாசித்தார்.

"கீழ்த்தட்டுத்தான். சரியாப் போட்டிருக்கிறா."

மனம் கேட்காமல் என் பன்னிரண்டு பக்கத்தையும் நீட்டினேன். அவர் வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்குப் பதிலா ஒரு மூட்டை அரிசி வாங்கியிருக்கலாம், தம்பி."