ஒரு பெட்டி, இருபது ஹார்ட் டிஸ்க்

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் தொழிலில், சின்னப் பொருளுக்குத்தான் பெரிய விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் பதினான்கு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய வெறும் ஹார்ட் டிஸ்க் நாலைந்து உங்கள் மேஜை டிராயரிலும் கிடந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். அதைச் செருகி, யூஎஸ்பி வழியாகப் பார்க்க ஒரு பெட்டி வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டுவது சுலபமாக இருக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

சோபாவுக்கு அடியில்

காங்கேயத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற செந்தில் தன் மனைவி கவிதாவோடு வந்தார். அவரிடம் இருபது டிஸ்க், ஒரே ஒரு பெட்டி. டிஸ்க் மாற்றும்போதெல்லாம் நாலு ஸ்குருவைக் கழற்றி, நாலு ஸ்குருவை முடுக்க வேண்டும். யாராவது பழைய கல்யாணத்தைக் கேட்டு போன் செய்தால், மனுஷனுக்கு முதலில் கோபம்தான் வருமாம்.

மேலே திறப்பு வைத்த, டாக் என்கிற ஒரு பெட்டியை எடுத்து வைத்தேன். டோஸ்டரில் ரொட்டி போடுவது மாதிரி டிஸ்க்கை நிறுத்திச் செருகினால் போதும், ஸ்குருவே கிடையாது. செந்தில் கடையிலேயே பத்து தடவை செருகி எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு சிரிப்பு. கவிதா சிரிக்கவில்லை, பெருமூச்சு விட்டார். "அப்பாடா! இனி சோபாவுக்கு அடியில டார்ச் அடிச்சு ஸ்குரு தேடுற வேலை எனக்கில்லீங்க."

லாரி போகும் ரோடு

அந்த வெற்றியில், வருகிறவர்களுக்கெல்லாம் அதே டாக்கைக் கொடுக்க ஆரம்பித்தேன். மதுக்கரையில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிற சரஸ்வதி அம்மாவும் ஒன்று வாங்கிப்போனார். அவர் ஆபீஸ் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. லாரி போய்க்கொண்டே இருக்கும். மூன்றே வாரத்தில் டாக் திரும்பி வந்தது. திறப்புக்குள் சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்தது, டிஸ்க் உள்ளே இறங்கவே மாட்டேன் என்றது. ஆபீஸ் எங்கே என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். தப்பு என்மேல்தான்.

முன்பக்கம் கதவு வைத்த அலுமினியப் பெட்டியை மாற்றிக் கொடுத்தேன். கதவைத் திறந்து டிஸ்க்கைத் தள்ளி, மூடிவிடலாம். இதற்கும் ஸ்குரு இல்லை. ஃபேனும் இல்லாததால் தூசியை உள்ளே இழுக்காது. அவர் கதவை இரண்டு முறை மூடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கூர்ல டீ டம்ளரையே மூடி வெச்சுத்தான் குடிக்கறோம் அம்மணி, நீங்க டிஸ்க்கைத் தொறந்து வெக்கச் சொல்லிப்போட்டீங்களே!"

பிளாஸ்திரி

இரண்டு டிஸ்க் செருகும் டாக்கில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் முதல் டிஸ்க்கில் இருப்பது அப்படியே இரண்டாவதில் ஏறிவிடும். இடம் மாற்றிச் செருகி அழுத்தினால், நிறைந்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்து, அதுவும் காலியாகிவிடும். பல் டாக்டர் ஒருவருக்கு இதை விளக்கிவிட்டு, எது முதல் இடம் என்று கேட்டேன். இடதுபக்கம் என்றார். தப்பு. நான் பட்டன்மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினேன். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "இருக்கட்டுமுங்க, நாங்களும் எந்தப் பல்லுன்னு ரெண்டு தடவ பாத்துப்போட்டுத்தான் புடுங்குவோம்."

ஓகே கொடுக்கட்டுமா?

ஸ்டெல்லா ஆராய்ச்சி மாணவி. பஞ்சு மில்லில் வேலை செய்யும் பெண்களை மூன்று வருடமாகத் தேடிப் போய்ப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார். அவ்வளவும் ஒரே டிஸ்க்கில். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. பழைய பெட்டியில் கரண்ட் பின் செருகுகிற இடம் உடைந்துபோனதால் என்னிடம் வந்தார். பெட்டி வேறு, டிஸ்க் வேறு, டிஸ்க்கைப் புதுப் பெட்டிக்கு மாற்றினால் போதும் என்று சொல்லி விற்றேன். மறுநாள் காலையில் போன். "அக்கா, ஃபார்மேட் பண்ணணும்னு வருது. ஹாஸ்டல் ரூம்ல இருக்கற பொண்ணு ஓகே குடுக்கச் சொல்றா. குடுக்கட்டுமா?"

"மவுஸ்ல இருந்து கையை எடுத்துரு கண்ணு" என்றேன். ஓகே கொடுத்தால் டிஸ்க் மொத்தமும் அழிந்துபோகும்; அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வரச் சொன்னேன்.

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மூன்று பெட்டியில் போட்டுப் பார்த்தேன், மூன்றும் அதையே சொன்னன. பிறகுதான் புரிந்தது. பழைய பெட்டியில் இருந்த சிப் தனக்கென்று ஒரு முறையில் எழுதி வைத்திருக்கிறது, மற்ற பெட்டிகளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. "பழைய பெட்டி எங்கே?" என்றேன். ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது. "குப்பையில போட்டுட்டேன்."

இரண்டு பேரும் என் ஸ்கூட்டரில் ஹாஸ்டலுக்கு ஓடினோம். குப்பைத் தொட்டி காலி. நல்லவேளை, வாட்ச்மேன் மனைவி பெட்டி அழகாக இருக்கிறதே என்று எடுத்து, அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தார். கடையில் ரிப்பேர் பார்க்கும் ரஃபி உடைந்த இடத்தைச் சால்டர் வைத்துச் சரிசெய்தார். டிஸ்க்கை உள்ளே வைத்து சுவிட்சைப் போட்டதும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் திறந்தோம். யாரோ ஒரு பெண் மில் சைரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அழுதேவிட்டார்.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் இரண்டு புது டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது: "பெட்டி வேற, டிஸ்க் வேறன்னு சொல்லித்தானே வித்தீங்க அக்கா? இது ரெண்டும் நமக்குத் தெரியாம கல்யாணமே பண்ணிட்டு இருந்திருக்குதே!"

எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேளுங்கள், ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். எந்த டிஸ்க்கில் எது இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள், என் டிஸ்க்குகளுக்கே நான் இன்னும் பெயர் எழுதி ஒட்டவில்லை.