தூக்கிப் போடும் வண்டி

காற்றில்லாத டயர் தார்ச்சாலையில் சப்பென்று அடித்துக்கொண்டே இழுபடும் சத்தம் எனக்குப் பின்னால் தேய்ந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் கல்கத்தா கார்டன் ரீச் குடியிருப்பின் வாசலைத் தாண்டி கிதர்பூர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் எங்கள் அம்பாசடரைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். ஓய்வு பெற்ற அப்பா திருச்சிக்கு மூட்டை கட்டியிருந்தார். பத்தாம் வகுப்பில் தோற்று ஊர்சுற்றிக்கொண்டிருந்த என்னையும் கூப்பிட்டார். அம்மா இல்லாத வீட்டை இன்னொரு ஊரில் போய் மறுபடி தொடங்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த வண்டி எங்களிடம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். மாற்றலாகிப் போகிற தமிழ் அதிகாரிகள் கல்கத்தாவை விட்டுக் கிளம்பும்போது கட்டில், பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றையும் இருக்கிறவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது வழக்கம். துறைமுகக் கிடங்கில் எழுத்தராக இருந்த அப்பாவின் தலையில் ஒரு கார் விழுந்தது. அம்மாவுக்காகத்தான் அவர் அதற்குச் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டில் தமிழ்ப் பெண்கள் கூடிப் பாடுவார்கள், பாட்டு முடிந்ததும் சுண்டலோடு ஊர்க்கதை. “அங்க போனாத்தாங்க வாய் நிறையப் பேச முடியுது” என்பாள் அம்மா. வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மாலைதான்.

முதல் வருடம் பின்சீட்டில் மகாராணி போல உட்கார்ந்து போனாள். அடுத்த மழைக்காலத்தில்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. “ஏங்க, வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. முதுகு விண்டு போகுது.” டாலிகஞ்சில் டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். பிறகு ஒரு ஞாயிறு போகவில்லை, மறு ஞாயிறும் போகவில்லை. ஐந்து மணிக்குத் தலை பின்னிக்கொண்டு சன்னலோரம் நிற்பாள், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அது தாங்கவில்லை. வண்டியை டாலிகஞ்சில் மெக்கானிக் போலாதாவிடம் கொண்டுபோனார். போலாதா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “மெட்ராசி பாபு, இது கார் இல்ல, பழைய ஜமீன்தார். யாருக்கும் வளைஞ்சு குடுக்காது” என்று வங்காள மொழியில் சொல்லிச் சிரித்தார். சிரித்தபடியே ஷாக் அப்சார்பரை மாற்றினார். அது போதவில்லை என்றதும் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றித் துருவைச் சுரண்டி கிரீஸ் தடவினார். பின்சீட்டைப் பிரித்துப் புதுத் தேங்காய் நார் அடைத்தார். அம்மா ஒவ்வொரு முறையும் ஏறி உட்கார்ந்து, ஒரு தெரு போய்வந்து, உதட்டைப் பிதுக்கினாள். கீழ்வீட்டு வங்காளப் பெரியம்மா, எங்கள் மாஷிமா, துணி உலர்த்தியபடியே அப்பாவைச் சீண்டினாள். “காருக்கு எத்தனை டாக்டர்ப்பா! பெண்டாட்டிக்கு இதுல பாதி வைத்தியம் பண்ணியிருக்கியா நீ?” எல்லோரும் சிரித்தோம், அம்மாதான் அதிகம் சிரித்தாள்.

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்ததும் அவளேதான். பின்சக்கரங்கள் இரண்டிலும் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. அதனால் “ஹாவா” என்று சுவரில் எழுதிய கடையில் நிறுத்தி, வாரம் தாங்கட்டும் என்று கல் போல ஆகும்வரை காற்றடிக்கச் சொல்வது அப்பாவின் வழக்கம். ஒருநாள் முற்றத்தில் துவைத்துக்கொண்டிருந்த அம்மா, ஏதோ தோன்றி, சோப்பு நுரையை அள்ளி டயரின் வால்வு வாயில் வைத்தாள். நுரை மெல்ல ஊதிக்கொண்டு பெரிய குமிழாகி உடைந்தது, உடனே இன்னொன்று கிளம்பியது.

“ஏங்க, ஓடி வாங்க! மூச்சு விடுது பாருங்க!”

அப்பா கைலியோடு ஓடிவந்து குத்துக்காலிட்டுப் பார்த்தார். “அட! வால்வு ஒழுகுதுன்னு தெரியாம காத்தை அடிச்சு அடிச்சு, உன்னைக் கல்லு மேல உக்கார வெச்சிருக்கேன்டி” என்றார். வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியை இரண்டு சக்கரத்திலும் மாற்றியாயிற்று. வாய்க்கு மூடி போட்டு, காற்றையும் அளவோடு வைத்தார்கள்.

அந்த ஞாயிறு அம்மா பச்சைப் புடவை கட்டிக்கொண்டாள். வண்டி படகு போலப் போயிற்று. தண்டவாளத்தைக் கடந்ததே தெரியவில்லை. அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்து, பரீட்சையில் தேறிய பையன் போல, “எப்படி?” என்றார். அவள் இரண்டு கைகளாலும் சீட்டை அழுத்தி உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“வண்டி நல்லாத்தாங்க இருக்கு” என்றாள்.

அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். பின்னால் டாக்சிக்காரன் ஹார்னை அழுத்தித் திட்டினான். லேக் கார்டன்ஸ் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நாங்கள் அங்கே போகவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். புற்று முதுகெலும்பு வரை வந்துவிட்டது என்றார்கள். எத்தனை மாதமாக அந்த வலி என்று டாக்டர் கேட்டபோது, “வண்டிதான்னு நெனச்சேன்” என்றாள். உண்மையாகவே நினைத்தாளா, எங்களுக்காக நினைத்துக்கொண்டாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தக் குளிர்காலம் முழுக்க அதே பின்சீட்டில் படுக்கவைத்து, சைக்கிள்கள் முந்திப் போகும் வேகத்தில், அப்பா அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தார். வண்டி ஒருமுறைகூடத் தூக்கிப் போடவில்லை. மாமரங்கள் பூக்கும் முன் அவள் போய்விட்டாள். அதன்பின் அப்பா அந்தச் சாவியைத் தொடவில்லை; கவனிப்பாரில்லாமல் நின்ற வண்டி ஒவ்வொரு சக்கரமாகத் தரையில் உட்கார்ந்தது.

இப்போது எங்கும் டியூப் இல்லாத டயர்கள். அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள், ஹாவா கடை இருந்த சுவரும் இல்லை, அப்பாவும் இல்லை. எங்கே தங்கினாலும், யாராவது வாளியில் துணி நனைத்து நுரை பொங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

வண்டியை இழுத்துப் போன அன்று மாலை கிதர்பூர் வரை நடந்து, லாரிகள் நிற்குமிடத்தில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் அசன்சோல் போகும் லாரியில் கிளீனர் வேலை கிடைத்தது. டிரைவர் பீகார்க்காரர், வயதானவர். ஏறப்போன என்னை நிறுத்தி, வெறும் பலகையாக இருந்த இருக்கையைத் தட்டிக் காட்டி, “வண்டி ரொம்பத் தூக்கிப் போடும் தம்பி. முதுகு வலிச்சா அப்புறம் என்னைக் குறை சொல்லாதே” என்றார்.

“வலிச்சா சொல்லிடுவேன் சாச்சா” என்று சொல்லிவிட்டு, இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு காற்று இருக்கிறதா என்று டயர்களைத் தட்டிப் பார்க்கப் போனேன்.