அப்பாவின் கொம்பு வில்

என் அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்றே அத்தான் எங்கள் அப்பாவின் வில்லை உடைத்துவிட்டார். நாற்காலி பழுது பார்க்கிறவருக்கு வில்லில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வருங்கால மாமனாரிடம் நல்ல பேர் வாங்கும் ஆசை, வேறென்ன. நானே நாண் பூட்டித் தருகிறேன் என்று கையில் எடுத்தார்.

கொம்பும் மரமும் நரம்பும் சேர்த்து ஒட்டிய பழைய வில் அது. நாணைக் கழற்றினால் சுருண்டுகொள்ளும். பூட்டும்போது எதிர்ப்பக்கமாக வளைக்க வேண்டும். தெரியாதவர்கள் சுருண்ட பக்கமே வளைப்பார்கள். அத்தானும் வளைத்தார். படீரென்று முறிந்தது.

அக்கா ஒற்றைக்காலில் நின்று அவரையே கட்டிக்கொண்டாள். அப்பா மட்டும் இருபத்திரண்டு வருஷம் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. "மாப்பிள்ளைக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்று என்னிடம் சொல்வார். மாப்பிள்ளை எதிரேதான் உட்கார்ந்திருப்பார். நானும் கேட்பேன்.

உடைந்ததை அத்தான் எடுத்துப்போய் ஒட்டினார். நரம்பிழையைப் பசையில் ஊறவைத்து, அடுக்கடுக்காகப் படியவிட்டு, ஒரு வருஷம் காயப்போட வேண்டுமாம். காய்ந்தபின் வளைத்தால் அதே இடத்தில் பிளக்கும். மறுபடி ஒரு வருஷம். கை பழகட்டும் என்று பிறர் பரணில் கிடந்த விற்களையெல்லாம் வாங்கிப் பழுது பார்த்தார். அவையெல்லாம் சொன்னபடி கேட்டன. இது மட்டும் அடம்பிடித்தது. பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

போன மாதம் ஒருவழியாக வில் தாங்கியது. நாணைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். இதற்கும் மாமா பேசாவிட்டால் இனி அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

அப்பா வில்லைத் தடவிப் பார்த்தார். பிறகு முழங்காலில் வைத்து, சுருண்ட பக்கமாகவே அழுத்தப் போனார்.

"மாமா! அந்தப் பக்கம் இல்லே, திருப்புங்க!" அத்தான் பாய்ந்து பிடித்தார்.

அப்பா கையை எடுத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தார்.

"நீங்க சொல்லிட்டீங்க மாப்பிள்ளை. அன்னைக்கு நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். சொல்லலே."

"ஏன் மாமா?"

"பொண்ணு தரமாட்டேன்னு சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு. அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட பேசுறது?"

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளைக்குக் கோபமான்னு கேளு."

எனக்குத்தான் கோபம் பொங்கியது. "நீங்களே கேளுங்கப்பா" என்றேன்.

அப்பா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். அதற்குள் அத்தான் வில்லை வாங்கி, சரியான பக்கம் வளைத்து, நாண் பூட்ட ஆரம்பித்திருந்தார்.