வெள்ளிக்கிழமை படுத்துக்கொண்ட கரண்டுப் பெட்டி

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். மலாக்காவில், எங்கள் காஜா பெராங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அந்த வாயை வைத்துத்தான் மூன்று பசுக்களைக் கட்டி ஆண்டேன் என்பதை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பால் ஊற்றப் போகிற வீட்டில் "நேத்து பால் கொஞ்சம்..." என்று ஒருத்தி இழுத்தாலே போதும், அவள் முடிப்பதற்குள் நான் முடித்துவிட்டு அடுத்த வீட்டுப் படி ஏறியிருப்பேன். என் வீட்டுக்காரர் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவர். எட்டு மணி நேரம் டைப் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிற மனுஷன் வீட்டில் சத்தம் காட்டமாட்டார்.

நாடு மெர்டேக்கா ஆகி, சுதந்திரம் வந்த சமயம் அது. ஊரெல்லாம் கொடி. எங்கள் கொட்டகையில் மூன்று பசுக்கள் இருந்தன. இரண்டு சாது. மூன்றாவது செவலை. அவள் கயிற்றை மென்று துப்புவாள், முளையைப் பிடுங்கிக்கொண்டு நடப்பாள். நடந்தால் நேரே எதிர்வீட்டுப் பூந்தோட்டத்துக்குத்தான் போவாள்.

எதிர்வீட்டில் இருந்தது ஒரு செட்டி குடும்பத்து அம்மாள். செட்டி என்றால் வட்டிக்கடைச் செட்டியார் இல்லை. பல தலைமுறைக்கு முன்னால் மலாக்காவுக்கு வந்து தங்கிவிட்டவர்கள். நாம் கும்பிடுகிற சாமியைத்தான் கும்பிடுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். நான் அவளை "காக்" என்பேன், அக்கா என்று அர்த்தம். கோயிலுக்குக் கொடுக்கவென்றே செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வளர்த்தாள். செவலை உள்ளே புகுந்து மேய்ந்தால், காக் வெளியே வந்து முதலில் பசுவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பசுவை அடிக்க அவளுக்கு மனசு வராது. பிறகு என் பக்கம் திரும்பி, "லெம்பு லு பூன் மோ மெர்டேக்கா கா?" என்பாள். உன் மாட்டுக்கும் சுதந்திரம் வேணுமாக்கும் என்று கேட்கிறாளாம். கேட்டதோடு விட்டாலும் பரவாயில்லை, இரண்டு தடவை நகரசபையில் போய்ப் புகாரும் கொடுத்துவிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் என் பூஜைக்கு ஒரு தட்டுப் பூ கொடுப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. புகார் வேறு, பூ வேறு.

நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். இன்னும் ஒரு புகார் வந்தால் மாடு வளர்க்கிற லைசென்ஸ் ரத்து, மூன்று பசுவும் ஊருக்குள் இருக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை மத்தியானம் அதிகாரி வந்து பார்ப்பார், அதற்குள் நல்ல வேலி இருக்க வேண்டும்.

ஒரு கன்றுக்குட்டியாக வாங்கி, மூன்றாக ஆக்கினவள் நான். அவை போனால் நான் யார் வீட்டிலாவது துணி துவைக்கப் போக வேண்டியதுதான். முள்கம்பியும் முன்பே போட்டுப் பார்த்தாகிவிட்டது. செவலை அதில் மடியைக் கிழித்துக்கொண்டு, ஒரு வாரம் பாலோடு ரத்தம் வந்தது. கடிதம் வந்த அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரர் ஒரு தோட்டத்துத் துரையின் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். அதில் கரண்டு வேலி படம் இருந்தது. ஒரே கம்பி, ஒரு பெட்டி. மாடு தொட்டால் சுரீர் என்று அடிக்கும், ஆனால் ஒன்றும் ஆகாது.

ஜாலான் பெண்டஹாரா வீதியில் இரும்புச் சாமானும் மின்சாமானும் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். மெதுவாகப் பேசுவார். பேசுவதற்கு முன் தாடியைத் தடவிக்கொள்வார். அந்தத் தடவுகிற நேரத்தில் நான் நாலு வார்த்தை பேசிவிடுவேன். அவர் மூன்று பெட்டிகளை மேஜை மேல் வைத்தார். ஒன்று சாம்பல் நிறம், இங்கிலாந்துப் பெட்டி. ஒன்று பச்சை, ஆஸ்திரேலியா. மூன்றாவது பக்கத்துத் தெருவில் ரேடியோ ரிப்பேர் பண்ணுகிற சீனர் பிஸ்கட் டின்னுக்குள் செய்தது.

வீட்டுக்காரர் சாம்பல் பெட்டியின் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். "இது இருபது மைல் வேலிக்குத் தாங்குமாம்."

"நம்ம கொல்லை அறுபது அடி. இருபது மைல் இழுத்தா மெர்லிமாவையும் தாண்டிப் போயிடும். அங்க யாரு பால் கறக்கிறது?" என்றேன். பிறகு பாயிடம் திரும்பினேன். "பாய், எனக்கு மைல் கணக்கு வேணாம். எந்தப் பெட்டியை நம்பலாம்? அதை மட்டும் சொல்லுங்க."

பாய் தாடியைத் தடவினார். "பெட்டி மூணும் நல்ல பெட்டிதான் தங்கச்சி. ஆனா கம்பியில வந்து..."

"கம்பியெல்லாம் நாங்க கட்டிக்குவோம்," என்றேன். மூன்று பெட்டியையும் பூசணிக்காய் தூக்கிப் பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்த சாம்பலை எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலி எழும்பியது. பழைய இரும்புக் குழாய்களை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பீங்கான் மாட்டி, பீங்கானில் கம்பியை இழுத்துக் கட்டினார் வீட்டுக்காரர். கரண்டு இரும்புக்குள் இறங்கிவிடாமல் பீங்கான்தான் தடுக்கும் என்றார். பெட்டியை ஒரு லோரி பேட்டரியோடு சேர்த்ததும் டிக், டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. அவர் ஒரு லாலாங் புல்லை நீட்டிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். கை உதறிக்கொண்டது. "இருக்கு," என்றார். அடுத்ததாகச் செவலை மூக்கை நீட்டினாள். நாலு காலும் தரையை விட்டு எழும்பின. இறங்கி நின்று, நான்தான் கிள்ளினேன் என்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. வியாழன் வரை அவள் கம்பிப் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டைக் காக்க வந்த பெட்டி, அதைச் சும்மா விடலாமா. பெட்டியை நிறுத்தினேன். திருநீறு பூசிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். காக் கொடுத்த பூவை வாழைநாரில் தொடுத்து, தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு மாலை சுற்றினேன். ஊர்க் கண் படாமலிருக்க, கிளேபாங்கில் பாட்டிலில் பிடித்து வைத்திருந்த கடல் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, பெட்டியிலிருந்து கடைசிக் குழாய் வரை வேப்பிலையால் நன்றாகத் தெளித்தேன். கற்பூரம் காட்டிவிட்டுப் பெட்டியை மறுபடி போட்டேன். டிக், டிக் என்றது. மனசு குளிர்ந்தது.

மத்தியானம் பார்த்தால் செவலை சந்தில் நிற்கிறாள். வாயில் என் மாலையின் நார் தொங்குகிறது. மாலையையும் தின்றுவிட்டு, கம்பியையும் நெஞ்சால் தள்ளிச் சாய்த்துவிட்டு வந்திருக்கிறாள். காக் பார்ப்பதற்குள் கொம்பைப் பிடித்து இழுத்து வந்தேன்.

சாயந்திரம் வீட்டுக்காரர் கம்பியை நிமிர்த்திக் கட்டினார். சனிக்கிழமை காலையில் வாடிப்போன பூவையெல்லாம் நான் எடுத்துப் போட்டேன். வெயில் ஏறினதும் அவர் புல்லை நீட்டிப் பார்த்தார். கை உதறியது. "நல்லாத்தானே இருக்கு," என்றார்.

"இன்னைக்கு நல்லா இருந்து யாருக்கு லாபம்? அதிகாரி வர்றது வெள்ளிக்கிழமை," என்றேன். பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

"பாய், நாலு நாள் வேலை செஞ்சு அஞ்சாம் நாள் படுத்துக்குது உங்க பெட்டி. வெள்ளிக்கிழமை நீங்க கடையடைச்சுத் தொழுகைக்குப் போறீங்க, சரி. பெட்டியுமா போகுது?"

நின்றவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். "நான் ரெண்டு மணிக்குத் திரும்பிடுவேன் தங்கச்சி. ஒண்ணு கேக்கணும். கம்பியில ஈரம் கீரம்..."

"ஈரமும் இல்ல, சாரமும் இல்ல. பச்சைப் பெட்டியை எடுங்க," என்றேன். எடுத்துக் கொடுத்தார்.

பச்சைப் பெட்டிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே செய்தேன். முந்தின பெட்டிக்குக் கண் பட்டிருக்கும் என்று தோன்றியது. செவலை மறுபடி மாலையைத் தின்றாள், மறுபடி வெளியே வந்தாள். காக் வீட்டுப் பூச்செடி ஓரத்தில் நாக்கை நீட்டிவிட்டாள், வாலைப் பிடித்து இழுத்தேன். மறுநாள் பாய் கடையில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பாய் தாடியிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் பிஸ்கட் டின் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வந்தால் காக் தன் பூந்தோட்டத்தைச் சுற்றிக் கம்பி இழுத்துக்கொண்டிருக்கிறாள். என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்பதை அதைவிட வெட்டவெளிச்சமாக எப்படிச் சொல்வது. திண்டாட்டத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அவள் வாங்கி வைத்திருந்தது நான் திருப்பிக் கொடுத்த அதே சாம்பல் பெட்டி. "பாத்துக்கிட்டே இருங்க, வெள்ளிக்கிழமை அவ பெட்டி படுத்துடும்," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டார்.

அதிகாரி வருகிற வெள்ளிக்கிழமையும் வந்தது. அன்றைக்கு நான் செய்த பூஜையைக் கோயிலில் கூடச் செய்திருக்க மாட்டார்கள். ஒரு பாட்டில் கடல் தண்ணீரையும் தீர்த்தேன். குழாய்க்கு இரண்டு மாலை. பூ போதாமல் காக்கிடம் இன்னொரு தட்டு கேட்டு வாங்கினேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். சாமிக்குத்தான் என்றேன். முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். தமிழ் ஆள்தான். கையில் கோப்பு. வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து லீவு போட்டுவிட்டு நின்றார். "இதான் வேலியா? ஏன் இவ்வளவு பூ?" என்றார் அதிகாரி. நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள், செவலை அவர் கண் முன்னாலேயே முதல் மாலையைத் தின்றாள். இரண்டாவதையும் தின்றாள். கம்பியில் நெஞ்சை வைத்துச் சாய்த்தாள், தாண்டினாள். பெட்டி பாட்டுக்கு டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கத்தக் கூட வாய் வரவில்லை, என் ஆயுளில் அது முதல் தடவை. செவலை சந்தைத் தாண்டி ஆடி அசைந்து போனாள். காக் வாசலில் நின்றாள். லைசென்ஸ் போயிற்று, மூன்று பசுவும் போயிற்று என்று எண்ணிக்கொண்டே பார்த்தேன். செவலை செம்பருத்திக்குக் கழுத்தை நீட்டினாள். மூக்கு காக்கின் கம்பியில் பட்டது.

சடேரென்று ஒரு சத்தம். செவலை துள்ளித் திரும்பி, வாலைத் தூக்கிக்கொண்டு சந்தைக் கடந்து, என் வேலியை வந்த வழியே மிதித்து உள்ளே நுழைந்து, மற்ற இரண்டு பசுக்களுக்கும் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அதிகாரி காக்கிடம் போய், புகார் உண்டா என்று மலாயில் கேட்டார். காக் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். அவள் அதிகாரியிடம், "லெம்பு தா மாசோக்," என்றாள். மாடு உள்ளே வரவில்லையாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவள் சந்தைக் கடந்து வந்து என் குழாயில் மிச்சமிருந்த மாலையைத் தொட்டுப் பார்த்தாள். தன் தோட்டத்துப் பூ என்று தெரிந்துகொண்டாள். நனைந்த நார் பீங்கானைத் தாண்டி இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினாள். பீங்கானில் வழிந்திருந்த மஞ்சள் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்றாள். ஈரமும் உப்பும் பட்டால் கரண்டெல்லாம் இரும்பு வழியாகத் தரைக்கு இறங்கிவிடும், கம்பியில் ஒன்றும் இருக்காது, வாங்கும்போதே கடைக்காரர் சொன்னாரே, உனக்குச் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

வீட்டுக்காரர் மாலைகளையெல்லாம் கழற்றினார். பீங்கான்களை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, போட்டிருந்த ஆபீஸ் சட்டையைக் கழற்றி அதாலேயே துடைத்தார். கம்பியை நிமிர்த்திப் பெட்டியைப் போட்டார். அதிகாரி எதையும் தானே சோதிக்கிற மனுஷர். விரலை நீட்டினார். கோப்பு சாணியில் விழுந்தது. எடுத்துத் துடைத்து, "வேலி திருப்தி" என்று எழுதிவிட்டு, கையை உதறிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். பிஸ்கட் டின் பெட்டியும் நல்ல பெட்டிதான்.

பசு தப்பித்தது. எனக்குக் கோபம் மட்டும் தணியவில்லை. இரண்டு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போயிருக்கிறேன், நாய்படாத பாடு பட்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரிக்குச் சொன்ன ஒரு வார்த்தையை எனக்குச் சொல்ல அந்த மனுஷருக்கு என்ன கேடு? மறுநாள் காலையில் கிளம்பினேன். வீட்டுக்காரரும் எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் வந்தார். கடையில் அன்றைக்கும் ஆள் இருந்தது.

"பாய், கோளாறு பெட்டியில இல்ல, நான் தெளிச்ச தண்ணியில. ஒத்துக்கிறேன். ஆனா ஈரம் படக் கூடாதுன்னு எதிர்வீட்டுக் காக்குக்குச் சொல்லியிருக்கீங்க. எனக்கு ஏன் சொல்லல?"

பாய் தாடியைத் தடவினார். நான் காத்திருந்தேன். அவர் முழுசாகத் தடவி முடிக்கிற வரைக்கும் நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க எங்க தங்கச்சி சொல்ல விட்டீங்க?" என்றார்.

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பாக்கி வைத்திருந்த தலையாட்டல் அது.