நாற்பத்தேழாவது நூல்

காலையில் பாட்டில் கழுவும் அறையில் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கடவுளை நினைப்பது என் வழக்கம். அங்கிருக்கும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் என் வேண்டுதல் எனக்கே கேட்காது. ஒருநாள் முதல் சரியாக அந்த ஐந்து நிமிடம் இயந்திரம் நிற்கத் தொடங்கியது. மேலே ‘பழுது’ என்று ஓர் அட்டை தொங்கும். மெக்கானிக் இரண்டு முறை வந்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார். இயந்திரத்தை நிறுத்தி அட்டையை மாட்டியது மாமியார் என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மாமியார் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் அக்காவுக்கு வைத்த பட்டப்பெயர். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. சிறு பிளாஸ்டிக் தட்டுகளில் மனித ஸ்டெம் செல் வளர்ப்பது அவர் வேலை. உடம்பின் எந்தப் பாகமாகவும் ஆகக்கூடிய செல்கள் அவை. தினமும் அவற்றுக்குச் சாப்பாட்டுத் திரவம் மாற்றுவார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, இவள் முகமே சரியில்லை, இவன் யாரோடும் ஒட்டமாட்டேன் என்கிறான் என்று குறை சொல்வார். பெயர் நிலைத்துவிட்டது.

அந்த வருடம் பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு பஸ் டிரைவரின் கண்ணுக்காகச் செல் வளர்த்தார்கள். ஏழாம் தட்டு மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு வளர்ந்தது. எங்கள் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் சொந்தப் பேரனைப் போலக் காட்டினார். திங்கட்கிழமை மருத்துவமனைக்கு அதையே அனுப்ப முடிவு செய்தார்.

மாமியார் கையெழுத்துப் போட மறுத்தார். மூன்று மாதத்துக்கு முன்பு சோதித்துச் சுத்தம் என்று சர்டிபிகேட் வந்ததே என்றார் தலைவர்.

“அது அப்போ சார். அதுக்கப்புறம் எத்தனை தடவை ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சிருக்கான். திடீர்னு இந்த வேகத்துல வளர்றவனைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு.”

செல்லுக்குள் குரோமோசோம் என்று நூல் துண்டு போல இருக்குமாம். மனிதருக்கு நாற்பத்தாறு. பெருகும்போது சில சமயம் ஒன்று அதிகமாகிவிடும். அந்தச் செல் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகும். கண்ணுக்குள் போனால் கட்டியாகலாம். தள்ளிப்போட்டால் டிரைவரின் மிச்சப் பார்வையும் போய்விடுமோ என்று தலைவருக்குக் கவலை. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

மாமியார் இருபது செல்களைப் படமெடுத்துப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்தார். முதல் படத்தைத் தலைவர் எண்ணினார்: நாற்பத்தாறு. மாமியார் எண்ணினார்: நாற்பத்தேழு. தலைவர் மறுபடி எண்ணி, நாற்பத்தாறு வந்ததும் நிறுத்திக்கொண்டார். கடைசியில் யார் பக்கமும் சாராதவள் என்று, தரை துடைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். கடவுளே, யார் கண்ணையும் கெடுத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டு, நூலுக்கு ஒன்றாகப் பாட்டில் மூடிகளை வைத்தேன். பிறகு மூடிகளை எண்ணினேன். நாற்பத்தேழு. இருபது படங்களில் பதினோரு படங்கள் அப்படியே.

தலைவர் ஒவ்வொரு மூடியாகத் தூக்கி, கீழே நூல் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாவற்றின் கீழும் இருந்தது.

“கொட்டிடும்மா” என்றார் மாமியாரிடம்.

உறைய வைத்திருந்த பழைய செல்களை எடுத்து, மாமியார் முதலிலிருந்து வளர்த்தார். ஆறு வாரம். வாராவாரம் டிரைவர் போன் செய்து, பஸ்ஸை நான் இப்படித் தாமதமாக எடுத்தால் விடுவார்களா என்று மாமியாரை வறுத்தெடுத்தார். பார்வை எப்படியோ தாக்குப்பிடித்தது. சுத்தமான செல்கள் போய்ச் சேர்ந்தன. இப்போது டிரைவர் பேப்பரில் தலைப்பு வரை படிக்கிறார்.

ஓய்வுபெற்ற அன்று மாமியார் பையோடு வாசலில் நின்றார். மறுநாள் டிரைவர் எங்கள் இடத்துக்கே வந்து, அந்தச் சோம்பேறியம்மாவை நாலு வார்த்தை கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தார். நடந்ததை அவரிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம்மா. தெரிஞ்சா அந்த மனுஷன் தூங்கவே பயப்படுவாரு. நல்லாத் திட்டிட்டுப் போகட்டும். முடிஞ்சதும் ஒரு டீ குடு, தொண்டை காய்ஞ்சிருக்கும்.”