முன்வரிசை பார்த்த முடிச்சு

நாடகம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் நாடகத்துக்காக வருவதில்லை. மறுநாள் பேசுவதற்கு ஏதாவது வேண்டும், அதற்காக வருகிறார்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

அப்போது டிவி ஏற்காட்டு மலைக்கு வரவில்லை. ஒண்டிக்கடை முக்கிலிருந்து கீழே இறங்கும் சந்தில் எங்கள் வீடு. அப்பா சேலத்திலிருந்து வந்து அங்கே ஓர் ஓட்டலில் சமையல் வேலை பார்த்தார். அம்மா முன்பே இறந்துவிட்டாள். நான் ஜன்னலோரம் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். ஊர்ப் பேச்சு முழுவதும் மிஷின் சத்தத்தோடு கலந்துதான் என் காதுக்கு வந்து சேர்ந்தது.

அக்காவைத் தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் ரைட்டருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். காலையில் ஆட்களுக்குப் பேர் போட்டு வேலை பிரித்துக் கொடுப்பது மாமாவின் உத்தியோகம். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் அவர்தான் கதாநாயகன். மாரியம்மன் பண்டிகை முடிந்த கையோடு ஊர் ஆட்கள் சேர்ந்து ஒரு சமூக நாடகம் போடுவார்கள். ஆண் வேஷமெல்லாம் உள்ளூர்க்காரர்கள். பெண் வேஷத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு நடிகை வருவாள். வசனம் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார் வருவார். ஒத்திகை எஸ்டேட்டின் காபி குடோனில் நடக்கும்.

கல்யாணக் காட்சி இல்லாத நாடகம் எங்கள் ஊரில் எடுபடாது. அந்தக் காட்சிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடையில் தாலி கட்டும்போது இரண்டு முடிச்சுக்கு மேல் போடக் கூடாது. மூன்றாவது முடிச்சு விழுந்துவிட்டால் அது வேஷமில்லை, அம்மன் பார்க்க நடந்த நிஜக் கல்யாணம் என்று ஊர் நம்பியது. அதனால் அந்தக் கட்டம் வந்ததும் முன்வரிசையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, நடிகையின் பிடரியையே பார்ப்பார்கள். கதாநாயகன் கையை எடுத்த பிறகுதான் மறுபடி பேச்சு தொடங்கும். வாத்தியார் ஒத்திகையிலேயே இதை மாமாவின் கைக்குப் பழக்கியிருந்தார். "ரெண்டு, கைய எடு. ரெண்டு, கைய எடு" என்று தாளம் போடுவதுபோல் சொல்லிக்கொண்டே இருப்பார். குடோனுக்கு டீ கொண்டுபோனபோது நானே கேட்டிருக்கிறேன். பல வருடம் மாமா அப்படித்தான் கட்டினார். யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

அந்த வருடம் வந்த நடிகை நீளமாகச் சவுரி வைத்து, பின்னல் முழுக்கப் பூச் சுற்றியிருந்தாள். கழுத்தில் மாலை வேறு. நான் அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா தாலியைக் கையில் எடுத்த நேரம், குழந்தையின் தலையிலிருந்து சரிந்த மப்ளரை இழுத்துவிடக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவர் கையை எடுத்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆனதுபோல் இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையே என் ஜன்னலோரம் சபை கூடிவிட்டது.

"வசனமெல்லாம் பரவால்லீங்க. அழுகற சீன்ல இவ எங்கீங்க அழுதா? மூக்கத்தான் உறிஞ்சுனா. போன வருசம் வந்தவ நொம்ப நல்லா அழுதா" என்றாள் ஒருத்தி.

"காமெடிக்கு அந்த பஸ் கண்டக்டரப் போட்டாங்க பாருங்க, டிக்கெட்டு கிழிக்கற மாதிரியே வசனத்தையும் கிழிச்சுப் போட்டான்" என்றாள் இன்னொருத்தி. எனக்கும் சிரிப்பு வந்தது.

மளிகைக்கடைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நடு இடம் எப்போதும் அந்த அம்மாவுக்குத்தான். நாடகம் நன்றாக இருந்ததா இல்லையா என்று அவர் வாயைத் திறந்த பிறகுதான் மற்றவர்களுக்கே தெரியும்.

"அதெல்லாம் உடுங்க. முடிச்ச யாராச்சும் பாத்தீங்களா? மூணு உழுந்துருச்சு. என்ற கண்ணால பாத்தனுங்க."

நான் மிஷினை நிறுத்தினேன். "அப்புடியெல்லாம் இருக்காதுங்க" என்றேன்.

"நீ பாத்தியா கண்ணு?"

பார்த்தேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். போகும்போது ஜாக்கெட்டுக்குக் கை நீளம் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.

காலையில் ஒருத்தி பார்த்த மூன்றாவது முடிச்சைச் சாயங்காலத்துக்குள் முன்வரிசை முழுக்கப் பார்த்துவிட்டது. அடுத்த சந்தைக்குள் பின்வரிசையும் பார்த்துவிட்டது. பக்கத்து ஊரான செம்மநத்தத்தில் நாடகத்துக்கே வராதவர்கள்கூட மூன்று என்றுதான் சொன்னார்கள். சேலத்துக்குப் போன பஸ்ஸில் அந்த நடிகையின் கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது என்று கண்டக்டர் வேறு தன் பங்குக்குச் சொல்லி வைத்தான். அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது, அது அவளுடைய சொந்தத் தாலி என்று வாத்தியார் விளக்கம் சொன்னாராம். அந்த விளக்கத்தில் ருசி இல்லை. அதனால் யாரும் அதைத் தொடவில்லை.

பேச்சு அதோடு நின்றிருந்தால் வெட்கக்கேடு என்று சொல்லி மறந்திருக்கலாம். ஒரே ஆள் கட்டிய தாலி இரண்டு கழுத்தில் இருந்தால் ஒன்று தங்காது என்று ஒரு பேச்சைக் கிளப்பினார்கள். எது தங்காது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா தண்ணீர்க் குழாய்க்கு வந்தால் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கழுத்தைப் பார்ப்பார்கள்.

"ரெண்டுதான் போட்டாரு. சவுரில நூலு மாட்டிக்கிச்சு, அத எடுத்துவுட்டாரு. நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்" என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாள். புருஷனைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்றார்கள். மாமா ஒரே ஒரு தடவை "ரெண்டுதானுங்க" என்றார். அடுத்த தடவை கேட்டபோது பேசாமல் இருந்தார். பேசாததற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து அந்த நடிகையின் வீட்டைக் கண்டுபிடித்தோம். பவுடர் இல்லாத முகம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டுதானுங்கக்கா. மூணாவது போட்டா நான் உடுவனா? எனக்கும் புருசன் இருக்காருல்லீங்க" என்று தன் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். "எங்க பொழப்பு கெட்டுப் போயிருமுங்க. சாமி சத்தியமா ரெண்டுதான்."

திரும்பி வரும்போது கொண்டைஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அக்காவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கு அப்படித் தெளியவில்லை. அந்தப் பெண் அழத் தெரிந்தவள், சத்தியம் செய்யத் தெரிந்தவள், அதுதானே அவள் தொழில் என்று என் மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது. முன்வரிசை என்னையும் தொற்றியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

அக்கா நேராக மளிகைக்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கடைக்காரம்மா பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டார். "நாடகக்காரி வேற எப்புடிச் சொல்லுவா கண்ணு?" என்றார். அடுத்த நாள், ரைட்டர் பெண்டாட்டி சக்களத்தி வீட்டுக்கே போய்க் காலில் விழுந்துவிட்டு வந்தாள் என்று பேச்சு மாறியிருந்தது.

அதற்குப் பிறகு அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. விரதம் இருக்க ஆரம்பித்தாள். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பிறகு எந்தக் கிழமை சாப்பிடுகிறாள் என்றே தெரியவில்லை. நான் சண்டை போட்டேன்.

"ரெண்டுதான்னு உனக்கே தெரியுமில்ல, அப்பறம் எதுக்கு இந்தப் பட்டினி?"

"எனக்குத் தெரியுஞ்சாமி. ஊரு வாய அடைக்கோணுமில்ல. எந்தாலி நின்னு காட்டுனா தானா அடங்கிப் போயிருவாங்க" என்றாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காமாலை வந்தது. பட்டினி கிடந்து கிடந்து உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. முகம் மஞ்சளானபோது, தாலி நிலைக்க வேண்டி மஞ்சளை அப்பிக் குளிக்கிறாள் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கும் புரிய நாளானது. எஸ்டேட் ஜீப்பில் படுக்கவைத்துக் கீழே கொண்டுபோனோம். பாதி மலை இறங்குவதற்குள் நினைவு தப்பிவிட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டாள்.

அதே ஜீப்பில் மேலே கொண்டுவந்தோம். மளிகைக்கடைக்காரம்மா வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அது பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். அழுது முடித்துப் பின்னால் போய் உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னனுங்களா இல்லீங்களா?" பிறகு தன் பிடரியில் விரலை வைத்து, மூன்றாவது முடிச்சு எப்படி விழுந்தது என்று காட்டினார். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியை இன்னொரு தடவை நடித்தார்கள். எழுந்து போய் அந்தக் கையை முறித்துப் போடலாமா என்று எனக்கு இருந்தது. குழந்தை என்னைக் கட்டிக்கொண்டிருந்ததால் நகர முடியவில்லை.

அடுத்த பண்டிகைக்கு நாடகம் இல்லை. வாத்தியாரை யாரும் கூப்பிடவும் இல்லை.

குழந்தைக்கு ஒரு தாய் வேண்டும், வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் எப்படிப் பார்ப்பாளோ என்று அப்பாவும் மாமாவின் அக்காவும் பேசி, என்னையே மாமாவுக்குக் கட்டிவைப்பதென்று முடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது. குழந்தையை விட முடியாது என்பது மட்டும் தெரியும். ஆனால் ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது முடிச்சு உண்மையிலேயே விழுந்திருந்தால், அக்கா இந்த மனுஷனுக்காகப் பொய் சொல்லிப் பட்டினி கிடந்து செத்திருக்கிறாள். அவர் கையால் தாலி வாங்கும் மூன்றாவது ஆளாக நான் உட்காரப் போகிறேன். அவரிடமே கேட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. கேட்டாலும், பதிலை எப்படி நம்புவது?

மாரியம்மன் கோயிலில் கல்யாணம். கூட்டம் வேண்டாம் என்றுதான் அப்பா நினைத்தார். ஆனால் காலையிலேயே முன்வரிசை வந்துவிட்டது. அதே ஜமக்காளம், அதே நடு இடம். எங்கள் பக்கம் மூன்று முடிச்சும் மாப்பிள்ளைதான் போட வேண்டும். மேளம் உயர்ந்ததும் அவர்கள் பேச்சு நின்றது. நான் குனிந்திருந்தாலும் எல்லார் பார்வையும் என் பிடரியில் இருப்பது தெரிந்தது.

முதல் முடிச்சு விழுந்தது. அவர் விரல் சில்லென்று இருந்தது. இரண்டாவது விழுந்தது. உடனே கை போய்விட்டது. அவர் எடுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகவே எழுந்து விலகியது. தாளம் தவறாமல், அந்தக் குடோனில் பழகியபடியே.

அட்சதை விழுந்தது. மேளக்காரர் அடித்துக்கொண்டே இருந்தார். "ஏனுங்க, ரெண்டுதான் உழுந்திருக்குது" என்ற குரல் முன்வரிசையிலிருந்து வந்தது. யார் குரல் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விளக்குப் பிடித்து நின்ற அவருடைய அக்கா குனிந்து, "இன்னொண்ணு போடு சாமி. இது நாடகமில்ல" என்றார். மாமா கையைக் கொண்டுவந்தார். நூலைத் தொட்டதும் கை நின்றது. மறுபடி விலகியது. அவருக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. கடைசியில் அவருடைய அக்கா விளக்கைக் கீழே வைத்துவிட்டு, அந்த விரல்களைத் தன் கைக்குள் பிடித்து மூன்றாவதைப் போட்டு முடித்தார்.

எனக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. நிஜக் கல்யாணத்திலேயே இரண்டுக்கு மேல் போகாத கை, மேடையில் எப்படிப் போயிருக்கும்? அக்கா பார்த்தது சரி. அக்கா சொன்னதும் சரி. சவுரியில் நூல் மாட்டியது, எடுத்துவிட்டார், அவ்வளவுதான். என் பிடரியில் ஈரமாகக் கிடந்த அந்த மஞ்சள் கயிறுதான் சாட்சி. அதை நான் ஓடிப்போய்ச் சொல்ல அக்கா இல்லை.

மணவறையிலேயே நான் வாய்விட்டு அழுதேன். யார் தேற்றியும் நிற்கவில்லை. இரண்டே முடிச்சுப் போட்டான், இது நிலைக்குமா என்று மறுநாள் முழுக்கப் பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் நான் அழுத அந்த நேரத்தில் முன்வரிசை சொன்னது என் காதில் நேராகவே விழுந்தது. "பாவம், அக்காள நெனச்சு அழுகறா" என்றார்கள். அத்தனை வருடத்தில் அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றைத்தான்.